எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்த தையல் பை

அக்காவுக்கு நான் கையால் தைத்துக் கொடுத்த பயணத் தையல் பை எட்டு மாதம் கழித்து என்னிடம் திரும்பி வந்தது. "கத்தரிக்கோல் ஓட்டை போட்டுடுச்சு, அடைச்சுக் குடு" என்று சொல்லித்தான் நீட்டினாள். வாங்கும்போது அவளுடைய முழுக்கைச் சட்டையைப் பார்த்தேன். மணிக்கட்டில் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஊக்கு. மாதத்தில் பாதி நாள் வேலைக்காக வெளியூர் போய் வருகிறவள். தையல் பை கைப்பையிலேயே இருந்திருக்கிறது. அப்படியும் ஊக்கைத்தான் குத்தியிருக்கிறாள்.

"பை கூடவேதானே இருந்துச்சு, ஏன்க்கா தைக்கலை?"

"வண்டியில உக்காந்துக்கிட்டு அதைத் திறக்க முடியாதுடி. திறந்தா எல்லாம் கீழ கொட்டுது."

ஓட்டையை அடைப்பது பத்து நிமிட வேலை. ஆனால் அந்த ஊக்கு என் மனத்தைவிட்டுப் போகவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து, ஓரமெல்லாம் பூத்தையல் போட்டுக் கொடுத்த பை அது. ஒரே ஒரு பட்டன் அறுந்த நேரத்தில் அது கைகொடுக்கவில்லை. அடைக்காமல் அதை முழுக்கப் பிரித்தேன். பிரித்ததில் கண்டதையும், அதற்குப் பிறகு வேறு மாதிரியாகத் தைத்த பை எப்படி உழைத்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன். இதே தவறுகளோடு ஒரு பை உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும்.

பழைய பை

புத்தகம் மாதிரி நடுவில் மடிகிற அமைப்பு. மூடினால் 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம். உள்ளே இடப்பக்கம் ஊசி குத்த ஒரு மடல். அதையும் விரித்தால் 45 செ.மீ. வரும். வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவில், மெத்தென்று இருக்கட்டும் என்று பருத்திப் பஞ்சு விரிப்பு வைத்திருந்தேன். மூடுவதற்கு வெல்க்ரோ. கீழே ஜிப் வைத்த அறை. உள்ளே 8 ஊசிகள், பாபினில் சுற்றிய 24 நிற நூல்கள், விரலுறை, 150 செ.மீ. இஞ்சு டேப், மார்க்கிங் சாக், தையல் பிரிப்பான், ஊசி கோர்ப்பான், சில பட்டன்கள், 12 செ.மீ. கத்தரிக்கோல், ஒரு சின்ன டப்பி நிறையக் குண்டூசி.

கடையில் விற்கும் பெட்டியில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்க வேண்டும் என்று நினைத்துப் போட்டவை இவை. அவளுக்கு எது வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரித்தபோது

முதலில் ஊசிகள். எட்டில் ஐந்து துருப்பிடித்திருந்தன. அதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. ஊசியின் காதுப் பக்கம் பளபளப்பாகவே இருக்க, முனைப் பக்கம் மட்டும் கறுத்துச் சொரசொரத்திருந்தது. மடலைப் பிரித்ததும் காரணம் விளங்கியது. மடலின் மேல்துணி மெல்லியது. அதைத் துளைத்த ஊசி முனைகள் அடியிலிருந்த பஞ்சுக்குள் போய் நின்றிருக்கின்றன. அதே கைப்பையில் நனைந்த குடையும் இருந்திருக்கிறது. பருத்தி ஈரத்தை வாங்கிக்கொள்ளும். இரண்டு துணிக்கு நடுவே அடைபட்ட பஞ்சு லேசில் காயாது. தையல் ஊசி எஃகில் செய்து மேலே நிக்கல் பூசியது. துணியில் உரசி உரசிப் பூச்சு முதலில் தேய்வது முனையில்தான். பூச்சு போன இடத்தில் ஈரப் பஞ்சு பட்டால் துரு வராமல் என்ன செய்யும்? துருவேறிய முனை துணியில் இழுபடும், கறையும் வைக்கும். நல்ல சட்டையில் அதை இறக்க யாருக்கும் மனம் வராது.

அடுத்தது கத்தரிக்கோல். அறையின் அடி நேராக, அகலமாக இருந்தது. கத்தரிக்கோல் நிற்பது தன் முனையில். நடக்க நடக்க அந்த முனை ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. உள்துணி, பஞ்சு, வெளித்துணி மூன்றையும் துளைத்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டது. துணி நைந்து போனது என்று அக்கா நினைத்தாள். துணி மேல் குற்றமில்லை, அறையின் வடிவம்தான் தவறு.

வெல்க்ரோவைப் பார்த்ததும் எனக்கே வருத்தமாகிவிட்டது. அதன் கொக்கிப் பக்கம் முழுக்க நூல் திப்பி. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பாபினில் இருந்து பிரிந்த நூலைப் பிடித்து இழுத்திருக்கிறது. பக்கத்தில் நான் போட்ட பூத்தையலையும் பிய்த்திருக்கிறது. நூல் இருக்கிற இடத்தில் வெல்க்ரோ வைப்பது பூனையையும் நூற்கண்டையும் ஒரே அறையில் பூட்டுகிற மாதிரி.

பாபின்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெஷினுக்குள் சுழல்வதற்காகச் செய்தது பாபின். பைக்குள் உருண்டால் நூல் தானே அவிழும். 24 நிறமும் ஒரே சிக்காகக் கிடந்தது. சிக்கெடுத்துப் பார்த்ததில் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் குறைந்திருந்தன. டேப்பையும் சாக்கையும் அவள் தொட்டதே இல்லை. விரலுறை அவள் விரலுக்குப் பெரியது.

அவள் தைப்பதைப் பார்த்தேன்

பையைப் பிரித்துப் பார்த்ததில் தெரியாத ஒன்று, அவளை உட்கார வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதே பொருள்களை இன்னொரு பையில் பழைய வரிசையிலேயே வைத்து, மேசை இல்லாமல் நாற்காலியில் உட்காரச் சொல்லி, அந்த மணிக்கட்டுப் பட்டனைத் தைக்கச் சொன்னேன். பயணத்தில் இருப்பது போலவே.

பையை விரித்ததும் அது தொடையைத் தாண்டி இரண்டு பக்கமும் தொங்கியது. தொங்கிய பக்கத்திலிருந்து கத்தரிக்கோல் வழுக்கியது. அதைப் பிடிக்கப் போனவள் நூலை விட்டாள். ஊசி எடுக்க இடக்கோடி, நூலுக்கு வலக்கோடி, ஊசி கோர்ப்பானுக்கு ஜிப் அறை, பட்டனுக்கு மறுபடி அதே ஜிப் அறை. ஒரு பட்டனுக்குப் பதினொரு முறை கை பைக்குள் போய் வந்தது. தைக்கிற நேரத்தைவிடத் தேடுகிற நேரம் அதிகம். இரண்டு கையும் பையைத் தாங்கிக்கொண்டிருந்தால் எந்தக் கையால் தைப்பது?

எனக்கு விடை அங்கேதான் கிடைத்தது. பழைய பையைப் பொருள்களின் பட்டியலைப் பார்த்துத் தைத்திருந்தேன். கை எந்த வரிசையில் எதைத் தேடுகிறது என்பதைப் பார்த்துத் தைத்திருக்க வேண்டும். முதலில் ஊசி நூல், பிறகு பட்டன், கடைசியில் கத்தரிக்கோல். நூல் தீர்ந்தால் மட்டும் நூல் அட்டை. பை அந்த வேலைக்கு ஏற்றபடி திறக்க வேண்டும், தொடையைவிட அகலமாக இருக்கக் கூடாது, கையை எடுத்தாலும் அசையாமல் கிடக்க வேண்டும்.

சுருட்டுப் பை

இந்த மூன்றுக்கும் ஏற்ற வடிவம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் படைவீரர்களுக்கு ஊசி, நூல், பட்டன், விரலுறை வைத்த சிறிய துணிச் சுருள் கொடுக்கப்பட்டது. அதை 'ஹவுஸ்வைஃப்' என்றார்கள். பேச்சில் அது 'ஹஸ்ஸிஃப்' என்று தேய்ந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் வீரர்கள் இதே போன்றதை வைத்திருந்தார்கள். அதன் அமைப்பு எளிது. ஒரு நீளத் துணி, அதில் வரிசையாகச் சில அறைகள், சுருட்டிக் கட்ட ஒரு நாடா. மேசையில்லாத இடத்தில், முழங்கால் மேல் வைத்துத் தைக்க வேண்டிய மனிதர்களின் கையில் இருந்த வடிவம் என்பதே எனக்குப் போதுமான சான்றாக இருந்தது.

நான் எடுத்த அளவு 40 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம். தொடையின் மேல் நீளவாக்கில் விரித்தால் எந்தப் பக்கமும் தொங்காது. மேலிருந்து கீழாக 6 செ.மீ. வெறும் மூடி, 9 செ.மீ. ஊசிப் பக்கம், 8 செ.மீ. கத்தரிக்கோல், 8 செ.மீ. நூல் அட்டைகள், 9 செ.மீ. பட்டன் அறை. கீழ் நுனியிலிருந்து சுருட்டினால் பட்டன் அறை எல்லாவற்றுக்கும் உள்ளே போய்விடும், சுருட்டியிருக்கும்வரை எதுவும் கொட்டாது. பிரிக்கும்போது முதலில் கண்ணில் படுவது ஊசிப் பக்கம். பாதி பிரித்தாலே ஊசியும் கத்தரிக்கோலும் கிடைத்துவிடும்.

சுருட்டுப் பையில் நான் செய்த முதல் தவறு ஊசிகளை நீளவாக்கில் குத்தியது. துணியின் நூலோடு நூலாக ஓடினால் அழகாக இருக்கும் என்று நினைத்தேன். சுருட்டியதும் நீளமான ஊசி ஒன்று வளைந்துவிட்டது. பாயைச் சுருட்டும்போது குறுக்கே ஓடும் கோரைகள் மடியாமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் விதி. ஊசி, கத்தரிக்கோல், நூல் அட்டை என விறைப்பாக இருக்கும் எதுவும் பையின் அகலவாக்கில், சுருளின் அச்சுக்கு இணையாகக் கிடக்க வேண்டும். 12 செ.மீ. அகலம் என்று வைத்ததற்குக் காரணமும் இதுவே, 9.5 செ.மீ. நீளமுள்ள சின்ன எம்பிராய்டரி கத்தரிக்கோல் குறுக்கே படுக்க அந்த அகலம் வேண்டும்.

தைத்த விதம்

வெளியே அடர்த்தியாக நெய்த பருத்தி, உள்ளே மெல்லிய பருத்தி. வெட்டுவதற்கு முன் இரண்டையும் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டேன். இல்லாவிட்டால் முதல் சலவையில் ஒன்று அதிகம் சுருங்கி மற்றது கொப்பளிக்கும். பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டேன். நடுவில் காலருக்கு வைக்கும் மெல்லிய கேன்வாஸ் மட்டும்.

பஞ்சு போனதில் இன்னொரு லாபமும் உண்டு. சுருட்டும்போது வெளித்துணி பெரிய வட்டத்திலும் உள்துணி சின்ன வட்டத்திலும் போகின்றன. இரண்டுக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி இருந்தாலே ஒரு முழுச் சுற்றுக்கு வெளித்துணி 6 மி.மீ. கூடுதலாக வேண்டும். இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டித் தைத்தால் உள்துணி சுருக்கம் சுருக்கமாக மடிந்து அறைகளெல்லாம் கோணிக்கொள்ளும். அதனால் உள்துணியை 1 செ.மீ. குறைத்து வெட்டினேன். ஓரம் பிடிக்கும்போது தட்டையாக வைக்காமல், ஒரு உருளைப் பாட்டில் மேல் சுற்றிய நிலையிலேயே குண்டூசி குத்தி நீளத் தையலில் தற்காலிகமாகப் பிடித்தேன். விரித்தால் வெளித்துணி இம்மியளவு உப்பும், அது பரவாயில்லை. இந்தப் பை தன் வாழ்நாளில் பெரும்பகுதி சுருட்டித்தான் இருக்கப்போகிறது.

அறைகளை உள்துணியில் தைத்து முடித்த பிறகுதான் மூன்றையும் சேர்க்க வேண்டும். வரிசையை மாற்றினால் உள்தையலெல்லாம் வெளியே தெரியும். அறைகளுக்குப் பின்தையல், அதாவது ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் குத்தி முன்னால் எடுப்பது, 1 செ.மீ.க்கு மூன்று நான்கு தையல் வருமாறு. ஓட்டுத் தையல் வேகமாகப் போகும், ஆனால் கத்தரிக்கோல் இழுக்கிற அறைக்கு அது தாங்காது. ஒரு இடத்தில் நூல் அறுந்தால் வரிசை முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடும்.

ஊசிப் பக்கத்துக்கு 9 செ.மீ. சதுரத்தில் கம்பளி ஃபெல்ட் இரண்டு தாள். ஃபெல்ட்டுக்குப் பாவும் ஊடும் (நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓடும் நெசவு நூல்கள்) இல்லாததால் வெட்டிய ஓரம் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டாம். மேல் ஓரத்தை மட்டும் உள்துணியோடு பிடித்து, மற்ற மூன்று பக்கமும் புத்தகத் தாள் போலத் தூக்குகிற மாதிரி விட்டேன். ஊசி முதல் தாளில் குத்தி முதல் தாளிலேயே வெளியே வர வேண்டும். முனை அடித்துணியைத் தொடவே கூடாது. பழைய பையில் துரு வந்த வழி இதனால் அடைபட்டது. செயற்கை இழை ஃபெல்ட்டும் வைக்கலாம், ஆனால் குத்திக் குத்தி எடுத்தால் துளை பெரிதாகி ஊசி தொளதொளத்துவிடுகிறது. கம்பளி இழை மறுபடி கூடி ஊசியைக் கவ்விக்கொள்கிறது.

ஊசி எத்தனை? ஐந்து போதும் என்று முடிவு செய்தேன். கையூசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 9ஆம் எண் மெல்லிய சட்டைத் துணிக்கு, 7ஆம் எண் மற்ற சாதாரணத் தையலுக்கு, காது நீண்ட 5ஆம் எண் எம்பிராய்டரி ஊசி தடித்த துணிக்கும் கோட்டுப் பட்டனுக்கும். 7ஆம் எண்ணில் மட்டும் மூன்று வைத்தேன். அவற்றில் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நூல்களை வீட்டிலேயே கோத்து, ஒவ்வொன்றிலும் 45 செ.மீ. நூலை ஊசியின் இரு பக்கமும் எட்டு வடிவில் மாற்றி மாற்றிச் சுற்றி விட்டேன். ஆடுகிற வண்டியில் ஊசி கோர்ப்பதைவிடச் சிரமமான வேலை தையலில் கிடையாது. அந்த வேலையை வீட்டிலேயே முடித்து அனுப்பினால் பாதித் தையல் முடிந்த மாதிரி. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை உள்ள நீளம்தான் இந்த 45 செ.மீ.; அதற்கு மேல் போனால் முடிச்சு விழும். நூலைத் தேன்மெழுகில் ஒரு முறை இழுத்துவிட்டால் முறுக்கிக்கொள்வது குறையும்.

மற்ற நூலெல்லாம் 4 செ.மீ. அகல அட்டையில். ஒரு சுற்று 8 செ.மீ., ஐம்பது சுற்றில் 4 மீட்டர். பயணத்துக்கு அது ஏராளம். நிறங்கள் நான்கே: கறுப்பு, வெள்ளை, சாம்பல், பழுப்பு. சரியான நிறம் இல்லாத துணிக்குச் சற்று அடர்ந்த நூலை எடுக்க வேண்டும். அடர்ந்த நூல் துணியில் அமுங்கிவிடும், வெளிறிய நூல் மேலே நின்று கண்ணில் குத்தும்.

கத்தரிக்கோல் அறையை ஆப்பு வடிவில், முனைப்பக்கம் குறுகும்படி தைத்தேன். உள்ளே பழைய தோல் பர்ஸிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. இப்போது கத்தரிக்கோலைத் தாங்குவது அதன் அலகுகளின் பக்கங்கள், முனை எதிலும் படுவதில்லை. கைப்பிடி வளையத்துக்குள் புகுந்து பட்டனில் மாட்டுகிற ஒரு காதும் தைத்தேன். பட்டன் அறைக்கு ஜிப் வேண்டாமென்று, தலையணை உறையின் பின்பக்கம் போல ஒரு துணி மேல் இன்னொரு துணி 3 செ.மீ. ஏறும்படி விட்டேன். கை உள்ளே போகும், பட்டன் தானாக வெளியே வராது.

ஓரத்துக்குக் கிராஸ் பட்டை. பாவுக்கும் ஊடுக்கும் 45 பாகையில் வெட்டினால்தான் துணி இழுத்தால் நீளும், வளைவில் சுருக்கமில்லாமல் படியும். 35 செ.மீ. சதுரத் துணியின் நடுவிலிருந்து 4 செ.மீ. அகலத்தில் மூன்று பட்டை வெட்டி இணைத்தேன். பையின் சுற்றளவு 104 செ.மீ., முனைகளைச் சேர்க்கக் கூடுதலோடு மூன்று பட்டையே போதும்.  பையின் மூலைகளை ஒரு மூடியை வைத்து வரைந்து வட்டமாக்கினேன். கூர்மூலையில் பட்டை மடிந்து ஏழெட்டு அடுக்கு சேரும், கையூசி அதில் இறங்காது. முன்பக்கம் பின்தையல், பின்பக்கம் மறைத்து எம்மிங்.

கட்டுவதற்கு 50 செ.மீ. நாடா. பட்டனோ பிரஸ் பட்டனோ வைத்தால் சுருளின் பருமன் மாறும்போது தொல்லை. ஒரு நூல் அட்டை கூடினால் மூடாது, குறைந்தால் தொளதொளக்கும். நாடா எந்தப் பருமனுக்கும் ஒத்துப்போகும். இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைச் செருகினால் போதும், ஒரு கையால் இழுத்தே பிரிக்கலாம்.

மறுபடி அதே நாற்காலி

புதிய பையைக் கொடுத்து, அதே நாற்காலியில், இன்னொரு மணிக்கட்டுப் பட்டனை வெட்டிவிட்டுத் தைக்கச் சொன்னேன். பதினொரு முறை போன கை இப்போது நான்கு முறை போனது. கோத்த ஊசி, பட்டன், கத்தரிக்கோல், கடைசியில் ஊசியைத் திரும்பக் குத்த. பை தொடையில் கிடந்த இடத்தைவிட்டு நகரவில்லை. "இவ்வளவுதானா?" என்றாள். அதைவிட எனக்கு வேறு பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து வாங்கிப் பார்த்தேன். ஊசிகளில் துரு இல்லை. தோல் துண்டில் கத்தரிக்கோலின் தடம் மட்டும் இருந்தது, துளை இல்லை. கறுப்பு நூல் கோத்த ஊசி இரண்டு முறை தீர்ந்து அவளே மறுபடி கோத்திருக்கிறாள். வெள்ளை அப்படியே இருந்தது. பழுப்பு நூல் கைப்பையின் உள்துணியைத் தைக்கப் போயிருக்கிறது. நான் நினைத்துப் பார்க்காத உபயோகம். குறை என்று பார்த்தால் இரண்டு. நாடாவின் நுனி பிரிந்து தும்பாகிவிட்டது, அதை இரண்டாக மடித்துத் தைத்திருக்க வேண்டும். கத்தரிக்கோலோடு போக முடியாத பயணங்களில் அவள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்திருக்கிறாள். பல்லுக்கும் கேடு, நூல் நுனியும் பிசிறும். நகவெட்டி நூலை நறுக்கென்று வெட்டும். அதையே கத்தரிக்கோல் காதில் மாட்டிக் கொடுத்தேன்.

இப்போது அக்கா மகள் தனக்கும் ஒன்று கேட்கிறாள். அவள் இடக்கைக்காரி. அளவும் வரிசையும் அப்படியே இருக்கலாம். ஆனால் ஊசிகளின் காதுப் பக்கம் இடது பக்கம் பார்க்க வேண்டும், கத்தரிக்கோல் அறையின் வாய் இடப்புறம் திறக்க வேண்டும், பட்டன் அறையில் மேலே ஏறும் துணியும் பக்கம் மாற வேண்டும். கத்தரிக்கோலும் இடக்கைக்கானதாகவே வேண்டும். வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகுகள் நெருங்காமல் விலகி நூலை மென்றுவிடும். காகித மாதிரியை வெட்டி அவள் தொடையில் விரித்து, ஊசி எடுப்பதுபோல நாலைந்து முறை கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். துணி இன்று ஊறிக்கொண்டிருக்கிறது.